அறுபதாயிரம் ரூபாய் மெஷினும் அம்மாவின் பில்டரும்

உங்கள் கேள்வியை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சேலம் அழகாபுரத்தில் வீடு. நீங்கள், மனைவி, அப்பா, அம்மா என்று நான்கு பேர். பொங்கல் லீவில் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டில் தங்கினீர்கள். அங்கே மெஷினில் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்ததிலிருந்து வீட்டுக் காபி பிடிக்கவில்லை. கையில் போனஸ் பணம் 60,000 ரூபாய் இருக்கிறது. எஸ்பிரெசோ மெஷின் வாங்கலாமா, வாங்கினால் எப்படிப்பட்டது, “காபி குடிக்க அறுபதாயிரமா?” என்று கேட்கும் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஒரு கணக்கும் போட்டிருக்கிறீர்கள்: வெளியே ஒரு காப்பச்சினோ 150 ரூபாய், வீட்டில் நாளுக்கு இரண்டு போட்டால் 300 ரூபாய் மிச்சம், 200 நாளில் மெஷின் போட்ட முதலை எடுத்துவிடும்.

அந்தக் கணக்கை மட்டும் மனைவியிடம் காட்டிவிடாதீர்கள். “இப்ப நாம தினமும் 300 ரூபாய்க்கா காபி குடிக்கிறோம்?” என்று ஒரே கேள்வியில் அதைச் சாய்த்துவிடுவார். சரியான கேள்விதான் அது. நீங்கள் தினமும் குடிப்பது அம்மா போடும் டிகாஷன் காபி. மெஷின் வந்தால் போட்டி அதனோடுதான், ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துக் காபிக் கடையோடு அல்ல.

நான் சேலத்தில் இருபது வருஷத்துக்கு மேல் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்றவன். இப்போது ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபிச் செடியும் மிளகுக் கொடியுமாக இருக்கிறேன். மெஷின் வாங்கிச் சந்தோஷப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ஆறே மாதத்தில் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் கணக்கைச் சரி செய்துவிடுவோம். விலைகளை முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் கடை விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஒரு டம்ளர் பில்டர் காபிக்கு ஏறத்தாழ 10 கிராம் தூள் போகிறது. கிலோ 900 ரூபாய் என்றால் தூள் 9 ரூபாய். பால் 100 மி.லி., லிட்டர் 60 என்று வைத்தால் 6 ரூபாய். சர்க்கரை ஒரு ரூபாய். மொத்தம் 16.

எஸ்பிரெசோ மெஷினில் ஒரு இரட்டை ஷாட்டுக்கு, அதாவது ஒரு கப்புக்கு இறக்கும் காபிக்கு, 18 கிராம் கொட்டை. சிக்கரி கலந்த கடைத் தூள் அதில் ஓடாது, அதை அப்புறம் சொல்கிறேன். மெஷின் வைத்திருப்பவர்கள் சாதாரணமாக வாங்குவது 250 கிராம் பொட்டலம் 500 ரூபாய்க்கு, அதாவது கிலோ 2,000. கொட்டை மட்டும் 36 ரூபாய். பால் 150 மி.லி., 9 ரூபாய். மொத்தம் 45.

ஆக ஒரு கப்புக்கு 29 ரூபாய் கூடுதல். நாளுக்கு இரண்டு கப் என்றால் வருஷத்துக்கு 21,170 ரூபாய். மெஷின் விலையை ஐந்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷத்துக்கு 12,000தான் வருகிறது. எல்லோரும் மெஷின் விலையைப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள், அதற்குள் போடும் கொட்டைக்கு ஆகும் செலவு அதைவிடப் பெரிது. இரண்டையும் சேர்த்தால் வருஷம் 33,000 சொச்சம், மாதம் 2,750 ரூபாய்.

மிச்சம் என்று உண்மையில் சொல்லக்கூடியது நீங்கள் நிறுத்தப்போகிற கடைக் காபி மட்டும்தான். சனிக்கிழமைதோறும் இரண்டு பேர் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வருஷத்துக்கு 104 கப், 15,600 ரூபாய், மாதத்துக்கு 1,300. அதுவும் முழுசாக நிற்குமா என்பது சந்தேகம். நீங்கள் அங்கே போவது பாதி காபிக்கு, பாதி ஏ.சி.யில் உட்கார்ந்து இரண்டு பேரும் தனியாகப் பேசுவதற்கு. அந்தப் பாதியை எந்த மெஷினும் வீட்டுக்குக் கொண்டுவராது.

அதனால் மனைவியிடம் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்: “இதில் மிச்சம் எதுவும் கிடையாது. கடைக்குப் போவதை அடியோடு நிறுத்தினால்கூட மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதல் செலவு. எனக்கு இது ஆசை.” மாதம் ஆயிரத்தைந்நூறுக்கு ஒரு ஆசை என்பது வீட்டில் உட்கார்ந்து பேசக்கூடிய விஷயம். ஜிம்முக்குக் கட்டுகிறோம், ஓ.டி.டி.க்குக் கட்டுகிறோம். லாபம் என்று சொல்லி வாங்கினால்தான் வம்பு. ஒவ்வொரு மாதமும் அந்த லாபத்தைக் காட்டச் சொல்லுவார்கள்.

அந்த 29 ரூபாய் வித்தியாசத்தைக் குறைக்க வழி உண்டு, அதுவும் சேலத்துக்காரருக்குச் சுலபம். ஏற்காட்டுத் தோட்டத்துக் கொட்டையை, நன்றாக வறுக்கிற ஒருவரிடம் கிலோ 1,200-க்கு வாங்க முடிந்தால் ஒரு கப் 31 ரூபாய்க்குள் வந்துவிடும். வருஷக் கூடுதல் பாதியாகிவிடுகிறது. கொட்டை விலை 2024-லும் 2025-லும் உலகச் சந்தையில் ஏறிய ஏற்றம் எல்லாக் கடையிலும் தெரிந்தது. பிரேசிலில் மழை பொய்த்தால் சேலம் சின்னக்கடை வீதியில் தூள் விலை ஏறும், அதெல்லாம் நம் கையில் இல்லை. யாரிடம், எவ்வளவு புதிதாக வாங்குகிறோம் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அந்த எஸ்டேட் வீட்டில் உங்களுக்குப் பிடித்தது எது? நீங்கள் மெஷின் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்து வீட்டில் கொட்டை பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளைக்குள் வறுத்ததாக இருக்கும். கப்புக்குக் கப்பு அரைத்திருப்பார்கள். பால் அன்று காலை கறந்தது. வெளியே தை மாதப் பனி, கையில் சூடான டம்ளர். இதில் மெஷினுக்குச் சேர வேண்டிய பங்கு கால்வாசி இருக்கலாம். அதே மெஷினைத் தூக்கிவந்து அழகாபுரத்தில் வைத்து, மூன்று மாதம் அலமாரியில் கிடந்த தூளைப் போட்டு, சித்திரை வெயிலில் குடித்துப் பாருங்கள், “இதுக்கா இவ்வளவு?” என்று இருக்கும்.

வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு இருக்கிறது, வாசனை எண்ணெய்களும் இருக்கின்றன. முழுக் கொட்டையாக இருக்கும்வரை அவை மெதுவாக வெளியேறும். அரைத்த நிமிஷத்திலிருந்து ஓட்டம்தான். நன்றாக மூடி வைத்தால் கொட்டை ஒரு மாதம் தாங்கும், தூள் ஒரு வாரம், பத்து நாளிலேயே மங்கிவிடும். கடையில் அரைக்கும்போது தெரு முழுக்க மணக்கிறதே, அந்த மணமெல்லாம் உங்கள் டம்ளருக்கு வராமல் போன மணம். இருபது வருஷம் அதை விளம்பரமாகப் பயன்படுத்தியவன் நான், அதனால் சொல்லலாம்.

ஆகவே செலவின் வரிசை: முதலில் கொட்டை, அடுத்து அரவை, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் மெஷின். கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரித்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அரவையைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் பணத்தை வீணடிப்பது இங்கேதான். “வீட்டில் மிக்ஸி இருக்கிறதே” என்பார்கள். மிக்ஸி பிளேடு கொட்டையை வெட்டி உடைக்கிறது, அரைப்பதில்லை. ஒரு பக்கம் மாவு, ஒரு பக்கம் குருணை, நடுவில் ரவை. மாவிலிருந்து கசப்பு இறங்கும், குருணையிலிருந்து ஒன்றும் இறங்காது. இரண்டும் ஒரே டம்ளரில் சேரும்போது கசப்பும் தண்ணீருமாக ஒரு காபி. காபி கிரைண்டரில் இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நசுங்குகிறது, இடைவெளி எவ்வளவோ அவ்வளவுதான் துகள். இந்த ஒரு பொருளை மாற்றினால் பில்டர் காபி, எஸ்பிரெசோ இரண்டுமே மாறும்.

எஸ்பிரெசோவுக்கு இது இன்னும் கறாராக இருக்கும். 18 கிராம் தூளுக்குள் சுமார் 9 பார் அழுத்தத்தில் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கு) வெந்நீர் போகிறது. 25 முதல் 30 விநாடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும். அரவை ஒரு மயிரிழை பெரிதானால் 12 விநாடியில் கொட்டிவிடும், புளிப்பாக இருக்கும். சிறிதானால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கருகல் கசப்பு. கொட்டை மாறினால், ஏன் மழைநாள் வந்தால்கூட, கிரைண்டரின் அளவுத் திருகை ஒரு புள்ளி நகர்த்த வேண்டும். புதுப் பொட்டலம் பிரித்தால் முதல் மூன்று நான்கு ஷாட் பாத்திரம் கழுவும் தொட்டிக்குத்தான். 70 கிராம் போச்சு. அந்தச் செலவை நான் மேலே சேர்க்கவே இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். 38,000 ரூபாய்க்கு மெஷின் வாங்கினேன். கிரைண்டர் வாங்கவில்லை, கடையில்தான் பெரிய மில் இருக்கிறதே என்ற திமிர். தினமும் காலையில் மில்லை எஸ்பிரெசோ பதத்துக்கு முறுக்கி அரைத்து எடுத்துக்கொண்டு, மறுபடி பில்டர் பதத்துக்குத் தளர்த்தி வைப்பேன். ஒருநாள் தளர்த்த மறந்துவிட்டேன். அன்றைக்கு வாங்கிப்போன வாடிக்கையாளர்கள் அத்தனை பேர் வீட்டிலும் பில்டர் அடைத்துக்கொண்டது. கோரிமேட்டிலிருந்து ஒரு பாட்டி பில்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். “ராத்திரி ஊத்தினது தம்பி, காலையில வரைக்கும் ஒரு சொட்டு இறங்கல, நீயே பாரு” என்று மேஜைமேல் வைத்தார். மறுவாரமே தனி கிரைண்டர் வாங்கினேன், 19,000. மெஷின் விலையில் சரிபாதி.

அந்தப் பாதிக்கணக்கு ஒரு நல்ல அளவுகோல். 60,000 முழுசும் மெஷினுக்கு என்று நினைத்தால் வாங்கவே வாங்காதீர்கள். மெஷினுக்கு 32,000 முதல் 35,000, எஸ்பிரெசோ அளவுக்கு நுணுக்கமாக அரைக்கும் கிரைண்டருக்கு 17,000 முதல் 20,000, மீதியில் தராசு, பால் ஜக், தூளை அழுத்தும் டாம்பர், ஒரு சாக்கெட் வேலை. பணம் பத்தாது என்றால் மெஷினைக் குறையுங்கள், கிரைண்டரைக் குறைக்காதீர்கள்.

தராசு என்றதும் ஞாபகம் வருகிறது. ‘காபி ஸ்கேல்’ என்று பெயர் போட்டு 3,000, 4,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். நமக்குச் செவ்வாய்பேட்டை இருக்கிறது. கொலுசுப் பட்டறைகள் இருக்கும் ஊரில் சின்ன டிஜிட்டல் தராசுக்குப் பஞ்சமா? 0.1 கிராம் காட்டுவது போதும், ஐந்நூறு அறுநூறு ரூபாய். அதில் விநாடி காட்டாது, செல்போன் காட்டும். நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மெஷின் வாங்குவதென்றே முடிவானால் சில விஷயங்களைப் பாருங்கள். பெட்டியில் ‘15 பார்’, ‘20 பார்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். அது பம்ப் தள்ளக்கூடிய உச்சம், காபிக்கு வேண்டியது 9. எட்டாயிரம், பத்தாயிரத்துக்கு வரும் மெஷின்களில் தூள் போடும் கூடையின் அடியில் ஒரே ஒரு நுண்துளை வைத்திருப்பார்கள். எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி நுரை வரும். பார்க்க அழகாக இருக்கும், குடித்தால் சாதாரணக் காபிதான். அடியில் நிறையத் துளை உள்ள சாதாரணக் கூடையும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கூடையைத் தாங்கும் கைப்பிடி 58 மி.மீ. அளவாக இருந்தால் உதிரிப் பொருள் எங்கும் கிடைக்கும்.

உங்கள் விலையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை பாய்லர். அதாவது காபி இறக்கிய பிறகு, பாலுக்கு நீராவி எழுப்ப அதே பாய்லர் இன்னும் சூடாக வேண்டும். அது முடிந்து அடுத்த கப் என்றால் மறுபடி ஆற வேண்டும். இரண்டு கப்புக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். மெஷினே சூடேறப் பதினைந்து, இருபது நிமிஷம். காலை 7:40-க்கு ஆபீஸ் பஸ் பிடிக்கிறவர் இதை யோசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டிலிருந்து ஆறு பேர் வந்துவிட்டால் மெஷினைத் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது, பில்டர்தான் கை கொடுக்கும்.

உங்கள் வீடு பழைய வீடு என்றால் சமையல் மேடையில் இருப்பது 6 ஆம்ப் சாக்கெட்டாக இருக்கும். 1,450 வாட் மெஷின் 6 ஆம்புக்கு மேல் இழுக்கும். கிரைண்டருக்கும் கிச்சன் மேடையில் இடம் வேண்டும், பிளக் வேண்டும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்ப் பாயின்ட் ஒன்று போட்டுவிட்டு மெஷினை இறக்குங்கள். இன்வெர்ட்டரில் இது ஓடும் என்று நினைக்க வேண்டாம்.

ரிப்பேர் பற்றி. என் மெஷினில் இரண்டாம் வருஷம் பம்ப் போனது. விற்றவர்கள் சென்னைக்கு அனுப்பச் சொன்னார்கள். பார்சலில் போய், அங்கே கிடந்து, திரும்பி வர 47 நாள். வாரன்டியில்தான் செய்தார்கள், பார்சல் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது. வாங்கும் முன்பே கேளுங்கள்: ரப்பர் கேஸ்கட், ஷவர் தகடு, பம்ப் இந்த மூன்றும் தனியாகக் கிடைக்குமா? சர்வீஸ் கோவையிலா, பெங்களூரிலா, சென்னையிலா? பதிலில் இழுவை இருந்தால் வேறு மெஷினைப் பாருங்கள். பட்டனைத் தட்டினால் தானே அரைத்துத் தானே ஊற்றும் முழு தானியங்கி மெஷின்களுக்கு இது இன்னும் பொருந்தும். உள்ளே பாகம் அதிகம். அம்மாவே பட்டனைத் தட்டிக் குடிக்க வேண்டும் என்றால் அது ஒரு நியாயம், ஆனால் அம்மா அந்தக் காபியைக் குடிப்பாரா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். கேப்சூல் மெஷினைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மெஷின் மலிவு, காலமெல்லாம் அந்தக் கம்பெனி தூள் அடைத்து விற்கும் குப்பியையே வாங்க வேண்டும்.

கடைத் தூளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நம் ஊர்த் தூளில் சிக்கரி இருக்கும். காபி-சிக்கரிக் கலவை என்று விற்றால் காபி குறைந்தது 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது 49 வரை சிக்கரி போகலாம். பொட்டலத்தில் அளவு அச்சிட்டிருக்கும், பாருங்கள். சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்தால் பாகு போன்ற பிசுபிசுப்பு. பில்டரில் அது உதவி: தண்ணீரை மெதுவாக இறக்கி டிகாஷனைக் கெட்டியாக்கும். எஸ்பிரெசோ மெஷினில் அதே பிசுபிசுப்பு கூடையை அடைத்துவிடும். மெஷின் வாங்கினால் தூள் டப்பா இரண்டாகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களிலேயே ஏற்காட்டில் காபி வைத்தார். இருநூறு வருஷமாகத் தலைக்கு மேலே மலையில் சில்வர் ஓக் நிழலில் நல்ல அரபிகா விளைகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் கீழே நாம் அதில் பாதி சிக்கரியைக் கலந்து குடிக்கிறோம். குறை சொல்லவில்லை, எனக்கும் காபி 80, சிக்கரி 20 என்ற கலவை பிடிக்கும். ஆனால் மலைக் கொட்டை தனியாக எப்படி இருக்கும் என்று சேலத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தண்ணீர். போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓமலூர் பக்கம் போகும்போது வெள்ளை வெளேரென்று மேக்னசைட் மேடுகள் தெரியும், அந்த மண்ணின் ஊர் இது. அந்தப் படிவம் மெஷின் பாய்லரில் படிந்தால் முதலில் சூடு குறையும், அப்புறம் குழாய் அடைக்கும். அதற்காக முழுக்க ஆர்.ஓ. கேன் தண்ணீரும் ஊற்றக் கூடாது, உப்பே இல்லாத தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனா 250 ரூபாய்க்குக் கிடைக்கும். 150-ஐ ஒட்டி வருமாறு கேன் தண்ணீரோடு குழாய்த் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள், இது பில்டர் காபிக்கும் நல்லது. மெஷினுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் நீக்கும் மருந்து விட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு நான் என்ன செய்யச் சொல்கிறேன்? இப்போதைக்கு 60,000-ல் 9,000 மட்டும் எடுங்கள். நல்ல எஃகுப் பற்சக்கரம் உள்ள கைக் கிரைண்டர் ஒன்று, 6,500 ரூபாய் அளவில். மூன்று கப் மோகா பாட், 1,800. செவ்வாய்பேட்டைத் தராசு, 600. மீதி 51,000 வங்கியில் இருக்கட்டும்.

மோகா பாட் 1933-லிருந்து இத்தாலிக்காரர் வீட்டுச் சமையலறையில் இருப்பது, பியாலெட்டி என்பவர் கொண்டுவந்தது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், நீராவி தள்ள மேலே காபி. அழுத்தம் ஒன்றரை, இரண்டு பார்தான், அதனால் எஸ்பிரெசோ ஆகாது. ஆனால் நம் முதல் டிகாஷன் போலக் கெட்டியாக வரும், பால் கலந்தால் நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. அடியில் ஊற்றும் தண்ணீரைச் சூடாகவே ஊற்றுங்கள், தூளை அழுத்தாதீர்கள், சிறு தீயில் வையுங்கள், ‘களகள’ சத்தம் வந்ததும் இறக்கிவிடுங்கள். நம் கேஸ் அடுப்பின் தாங்கியில் அது நிற்காமல் நடுவில் விழுந்துவிடும், நாற்பது ஐம்பது ரூபாய்க்கு ஒரு சின்னத் தகடு பாத்திரக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் அலுமினியம் வேலை செய்யாது, எவர்சில்வரில் வருவதை வாங்குங்கள்.

அதே கிரைண்டரில் அம்மாவின் பில்டருக்கும் அரைத்துப் பாருங்கள். 30 கிராம் கொட்டை, 150 மி.லி. தண்ணீர். சிக்கரி இல்லாத தூள் என்றால் தண்ணீர் வேகமாக இறங்கிவிடும், கொஞ்சம் நைசாக அரைத்து, குடைத்தட்டை வழக்கத்தைவிட அழுத்தி வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஊற்றாமல் ஒரு நிமிஷம் விட்டு ஊற்றுங்கள். சேலத்தில் தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கிறது. ஐயாயிரம் அடி உயரத்தில், எங்கள் வீட்டில், 95-லேயே கொதித்துவிடும், அதனால் நாங்கள் கொதித்த கையோடு ஊற்றுகிறோம். ஏற்காட்டில் காபி கசக்காமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்கினால் 6 சதவீதம் கொழுப்பு, எஸ்டேட் வீட்டுப் பாலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். மூன்று மாதம். இன்று எத்தனை கப் கையால் அரைத்துப் போட்டீர்கள் (கப்புக்கு ஒரு கோடு), போட்டது யார், கழுவியது யார். கடைசிக் கேள்வியைத்தான் உங்கள் மனைவி முதலில் பார்ப்பார். மெஷினில் ஒவ்வொரு தடவையும் சக்கையைத் தட்ட வேண்டும், நீராவிக் குழாயை அந்த நிமிஷமே துடைக்க வேண்டும், தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அந்த வேலை மனைவி தலையிலோ அம்மா தலையிலோ விழப்போகிறது என்றால், அது எந்தக் கணக்கிலும் வராத செலவு.

மூன்று மாதம் கழித்தும் தாளில் வாரத்துக்குப் பத்துக் கோடாவது இருந்து, இன்னும் எஸ்பிரெசோதான் வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் வாங்குங்கள். கையில் பணம் இருக்கிறது, ருசி பழகியிருக்கிறது, அரவை என்றால் என்ன என்று கைக்குத் தெரியும். எந்தக் கொட்டை பிடிக்கும் என்பதும் தெரிந்திருக்கும். கோடுகள் நாலைந்தாகக் குறைந்திருந்தால் 51,000 தப்பித்தது. எனக்குத் தெரிந்து இப்படிச் செய்தவர்களில் பலர் மோகாவோடும் பில்டரோடும் நின்றுவிட்டார்கள், அவர்களுக்குக் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கொட்டை வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. ஏற்காட்டில் ஏரிப் பக்கம் கண்ணாடி ஜாடியில் இருக்கும் ‘எஸ்டேட் காபித்தூளை’ வாங்காதீர்கள். எப்போது வறுத்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கொட்டையாகத் தரும் இடத்தில், வறுத்த தேதி சொல்லும் இடத்தில் வாங்குங்கள், ஒரு தடவைக்கு 250 கிராம் போதும். வறுத்து ஐந்தாறு நாள் கழித்துத் திறங்கள், அதற்கு முன் வாயு அதிகம் இருக்கும். பிளான்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டை), பீபரி இரண்டில் எது என்று கேட்பார்கள். பீபரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் உருண்டையாக ஒற்றைப் பருப்பு விழுந்தது. கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியமில்லை, அதே செடிதான். பழம் எடுப்பு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நடக்கும். காய்ந்து, தோல் நீக்கி, புதுக் கொட்டை வறுக்க வருவதற்குக் கோடை ஆகிவிடும்.

அதுவரைக்கும் அம்மாவின் பில்டர். டிகாஷன் மெதுவாக இறங்குகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்குப் புது பில்டர் வாங்க வேண்டாம். மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பாதித் துளைகள் அடைத்திருக்கும். எவர்சில்வர்தானே, இடுக்கியில் பிடித்து, அடிப்பக்கத்தைக் கேஸ் தீயில் ஒரு நிமிஷம் காட்டுங்கள். உள்ளே சிக்கிய தூள் கருகி உதிரும். ஆறியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு, இன்று ராத்திரியே தூள் போட்டு வையுங்கள்.